துக்க மணி

இன்று எங்கள் வாவிக்கரை மாதா கோயில் மணி அமைச்சரை வரவேற்க அடித்தது. பங்குச் சுவாமி மாலையோடு வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சிறுவயதில், சுனாமியில் செத்தவர்களுக்காக அந்த மணி விட்டு விட்டு ஒற்றையாக அடித்தது, சைவர் கிறிஸ்தவர் என்று பாராமல். யுத்தம் முடிந்த வருடம், இயக்கம் பிடித்துக்கொண்டு போன அண்ணன் வன்னியில் செத்த செய்தி வந்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அப்போதிருந்த சுவாமியிடம் போனார்.

“என்ட மகனுக்கும் துக்க மணி அடிங்க சுவாமி.”

“இப்ப ஏலாது பிள்ளை. ஆருக்கெண்டு ஆமி கேக்கும்.”

“சுனாமிக்கு அடிக்கக்குள்ள ஆரிட்டக் கேட்டீங்க?”

அவர் கதவைச் சாத்தினார்.

இன்று மணி ஓயும்வரை அம்மா முழங்காலில் நின்று மரித்தோர் செபம் சொன்னார்.

“அது மினிஸ்டருக்கு அடிக்கிறாங்க அம்மா.”

“அவங்க ஆருக்கும் அடிக்கட்டும். நான் என்ட மகனுக்கு எடுத்திட்டன்.”