அம்மாவின் கிரேக்கத் தீர்த்தம்

கிரீஸில் ஒரு கிழமை சுற்றியதில், குடித்துப் பார்த்த வைன்கள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சிப்புரோ. திராட்சைத் தோலில் வடிக்கும் சாராயம். பெருஞ்சீரகம் மணக்கும், தண்ணீர் பட்டால் பாலாக வெளுக்கும். தங்கிய வீட்டுக்காரி தான் வடித்ததைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றித் தந்திருந்தார்.

இன்று காலை ஒஸ்லோவில் வேலைக்குப் போகும் ட்ராமில் இருந்தபோது அம்மா அழைத்தார்.

"பிள்ளை, நீ கொண்டுவந்த தீர்த்தத்தை வாசல் கிண்ணத்துத் தீர்த்தத்தோட கலந்தனான். பாலாய் மாறிட்டுது! மணமும் வருது!"

சிலுவை போட்டுக்கொள்ள எங்கள் வீட்டு வாசல் கிண்ணத்தில் எப்போதும் தீர்த்தம் இருக்கும்; யார் மாதா கோவில் யாத்திரை போனாலும் அது பிளாஸ்டிக் போத்தலில்தான் வரும். அம்மா இதையும் அப்படியே நினைத்துவிட்டார்.

"அம்மா, அது வந்து..."

"தம்பி என்னோட கதைக்கவேணுமெண்டு மன்றாடித்தான் ஊத்தினனான். அவனுக்குப் படமும் அனுப்பிட்டன்."

தம்பி நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் இருக்கிறான். அம்மாவோடு கோபித்துக்கொண்டு ஐந்து மாதமாகப் பேச்சில்லை. இறங்கும் இடம் வந்துவிட்டதென்று சொல்லி அழைப்பை வைத்துவிட்டேன்.

மத்தியானம் அவன் எனக்குப் போன் எடுத்தான். போத்தலைப் பற்றி அவனுக்கு முன்பே சொல்லியிருந்தேன். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான்.

"அக்கா, அம்மா சாராயத்தாலயோ சிலுவை போடுறா?"

"அவவிட்டைச் சொல்லிப்போடாதை."

"சொல்லேல்லை. இப்பதான் அவவோட கதைச்சனான். அழுதவ. நத்தார்ப் பண்டிகைக்கு வாறன் எண்டிட்டன்."

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், அம்மா மிச்சத்தைச் சின்னச் சின்னப் போத்தல்களில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களுக்காம்.

தடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு போத்தல் வேண்டுமென்பவர்களும் சொல்லலாம்.