மேசையில் நின்ற கோச்சி

என் மகள் என்னைப் பொய்காரி என்று முதன்முதலாகச் சொன்ன இடம் சாவகச்சேரிப் புகையிரத நிலையம். அவளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அப்பா எப்படிக் கொழும்புக்குப் போனார் என்று ஓயாமல் கேட்பாள். கோச்சியில் போனார் என்பேன். எங்கள் ஊரில் ரயில் என்றால் கோச்சிதான். கோச்சி எப்படி இருக்கும் என்பாள். நீளமாய் இருக்கும், கூவும், இரும்பின் மேலே ஓடும் என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போய், ஒருநாள் நான் தையல் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன்.

அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சண்டை தொடங்கிக் கோச்சி நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. தண்டவாளங்களையும் அவற்றின் கீழே கிடந்த கட்டைகளையும் குண்டுக்குப் பதுங்குகிற பங்கர் கட்டுவதற்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோச்சி ஓடிய பாதை மண் சந்துபோலக் கிடந்தது, அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. மகள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"உது ஒழுங்கை. உதுக்காலை எப்பிடிக் கொழும்புக்குப் போறது? நீங்கள் பொய் சொல்லுறியள் அம்மா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அந்த இடத்திலேயே அவளோடு சண்டை பிடித்தேன். ஐந்து வயதுப் பிள்ளையோடு, ஆடுகளுக்கு முன்னால். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த என் கணவரின் பெட்டியை இறக்கினேன்.

அதற்குள் இருந்தது, லண்டனில் இருந்த அவருடைய சித்தப்பா அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அனுப்பிய விளையாட்டு ரயில். ஒரு கறுப்பு இஞ்சின், மூன்று பெட்டிகள், துண்டு துண்டாகப் பூட்டுகிற தண்டவாளம். கல்யாணமான புதிதில் அதை எனக்குக் காட்டியவர் தொட மட்டும் விடவில்லை. "பழுதாக்கிப் போடுவீர்" என்றார். தையல் ரீச்சரைப் பார்த்துச் சொல்லுகிற கதையா அது? அன்றைக்கு ஒரு நேரச் சமையல் நடக்கவில்லை.

அவருக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். கடைசியாகப் போனபோது மகள் என் இடுப்பில் இருந்தாள். அடுத்த மாதம் கோச்சி ஓடவில்லை. பிறகு பாதையும் பூட்டுப்பட்டது. அங்கேயிருந்து எப்படியோ வந்து சேர்ந்தவர்கள் அவர் சுகமாக இருக்கிறார் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம். அந்தப் படத்திலும் மாலை பாதி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒருநாள் வந்து வாசலில் நிற்கும்போது பிள்ளை அவரை ஆரோ எவரோ என்று பார்த்துவிடக் கூடாது. எனக்கு இருந்த பெரிய பயம் அதுதான். குண்டு போடப் பொம்மர் விமானம் வரும்போதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

ரயிலைக் காட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெறும் மேசையில் வைத்ததும் அது பாவமாக நின்றது. மகள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்பா எங்கை நிண்டு ஏறினவர்?" என்று கேட்டாள். அதற்காக ஒரு பிளாட்போம் செய்யவேண்டி வந்தது. பிளாட்போம் என்றால் கூரை வேண்டும். கூரை போட்டால் அதற்குக் கீழே குந்த ஒரு நீள வாங்கு வேண்டும். வாங்கில் ஆராவது இருக்கவேண்டும். இப்படியே எங்களுடைய சாப்பாட்டு மேசை பறிபோனது. அதன் பிறகு நாங்கள் பாயில் இருந்துதான் சாப்பிட்டோம்.

அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்டிருந்த காலம், கடையில் ஒன்றும் கிடையாது. பசைக்கு விளாம்பிசின். மரத்தூளில் பச்சை மை கலந்து காயவைத்தால் புல். பனைமரத்துக்கு ஈர்க்கில் கறுப்பு நூலைச் சுற்றி, உச்சியில் காய்ந்த ஓலையைச் சின்னச் சின்ன விசிறியாக வெட்டி ஒட்டினேன். மாமரம்தான் என் உயிரை வாங்கியது. மாம்பழத்துக்குப் பேர்போன எங்கள் தென்மராட்சியில் மாமரம் பிழையாக வந்தால் ஊரே சிரிக்கும். தேங்காய்த் தும்பைப் பிய்த்து உருட்டி மூன்று மரம் செய்து மூன்றையும் எறிந்தேன். நாலாவதை மகள் பார்த்து, "இது அடுத்த வீட்டு மரம்" என்றாள். அது நின்றுவிட்டது.

ஆட்களைச் செம்புக் கம்பியில் செய்தேன். கம்பியை வளைத்து, நூல் சுற்றி, தைத்து மிஞ்சிய துணியில் உடுப்பு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். தலைக்குக் கொத்தமல்லி. அது நல்ல யோசனை என்று எனக்குப் பெரிய புளுகமும் பெருமையும். ஆனால் மழைக்காலம் முடிய ஸ்டேசன் மாஸ்டரின் தலைக்குள்ளிருந்து ஒரு வண்டு எட்டிப் பார்த்தது. எல்லோருடைய தலையையும் கழற்றிக் களிமண்ணில் புதிதாக வைத்தேன். ஒரு வடை விற்கிறவர், தண்ணீர்ப் பானை, பலாப்பழத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு கிழவர், கூரையில் காகம் என்று பிளாட்போம் நிறைந்தது. ஸ்டேசன் வாசலில் சாத்தியிருந்த குட்டிச் சைக்கிள்களின் சில்லுகளை நூல்களால் பின்னினேன். உயிருள்ள மாதிரி வரவேண்டுமென்றால் ஒருவரையும் நேராக நிறுத்தக்கூடாது என்று நானாகவே கண்டுபிடித்தேன். ஒருவர் ஒரு காலில் பாரம் போடவேண்டும், ஒருவர் சொறியவேண்டும், ஒருவர் வேறெங்கோ பார்க்கவேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா சீனி கடன் கேட்டு வந்தவ, வந்த காரியத்தை மறந்து நின்றா. "ஊரெல்லாம் பங்கர் வெட்டுது, நீ ஸ்டேசன் கட்டுறாய். உனக்கென்ன விசரே?" என்றா. பிறகு குனிந்து, "உந்த வடைக்காரன்ரை சாரத்தை இன்னும் கொஞ்சம் மடிச்சுக் கட்டிவிடு" என்று சொல்லிவிட்டுப் போனா. அவ சொன்னது சரி.

கோச்சியை ஓட்டக் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. ஊரில் எல்லோரும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டார்கள். ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் பழைய ரேடியோவிலிருந்து ஏதோ ஒரு சின்னச் சாமானை எடுத்து, டைனமோவுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் பூட்டித் தந்தார். நான் பெடலைச் சுற்ற, கோச்சி முனகிக்கொண்டு பிளாட்போமை விட்டு வெளிக்கிட்டது. மகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொய்காரி இல்லை என்று அவள் வாயால் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது தன் பொரியலில் பாதியை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

கடைசியாகத்தான் அவரைச் செய்தேன். நடுப்பெட்டியின் வாசலில் வெள்ளைச் சேட்டோடு நிற்கிறார், ஒரு கை கம்பியில், மற்றக் கை உயர்ந்திருக்கிறது. அடர்த்தியான தலைமயிர். கீழே பிளாட்போமில் நான், இடுப்பில் பிள்ளை, நானும் கை காட்டுகிறேன். மகள் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"அப்பா என்ன சொல்லுறார்?"

"வாறன் எண்டு சொல்லுறார்."

எங்களுக்குள் ஒருவரும் 'போறன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை. அது வாயில் எடுக்கக்கூடாத சொல். முச்சந்திக் கடைக்குப் போனாலும் 'வாறன்'தான், கப்பலேறிப் போனாலும் 'வாறன்'தான். அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அவர் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னேன்.

மகள் குனிந்து கோச்சிப் பெட்டியின் வாசலைப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஏன் இன்னும் இறங்கேல்லை?" என்றாள்.

அவளுக்கு அது போகிற கோச்சி இல்லை, வருகிற கோச்சி. நான் பிரிவு என்று செய்து வைத்த அத்தனையையும் அவள் வரவு என்று எடுத்துக்கொண்டாள். பானைக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைக்கும் ஒரு பெண்ணைச் செய்திருந்தேன். "அவ அழேல்லை, வெயில் கண்ணுக்கை குத்துது. கோச்சி வருகுதோ எண்டு பாக்கிறா" என்றாள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்டவாளத்துக்குப் போன இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பூட்டினேன். கோச்சி எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அது எங்கள் மேசைக்கு வந்து நின்றது. அவள் கன்னத்தில் கை வைத்து அவர் இறங்கக் காத்திருந்தாள். சில நாட்களில் நானும்.

அடுத்த வருடம் அவர் உண்மையாகவே வந்தார். கிளாலிக் கடலைப் படகில் கடந்து, கரையில் ஒருவரின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு, காலை வெயிலில் வாசலில் வந்து இறங்கினார். எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. கறுத்து மெலிந்து, முன்பக்க மயிர் முழுக்கக் கொட்டியிருந்தது. நான் அழுதேன், சிரித்தேன், ஏன் இவ்வளவு காலம் என்று பேசினேன், எல்லாம் ஒன்றாக.

மகள் கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து நீட்டினார். நான் பழக்கிய மரியாதை ஒன்றும் வீண்போகவில்லை. இரண்டு கையாலும் வாங்கினாள்.

"தாங்ஸ் மாமா" என்றாள்.

தெரியாத ஆம்பிளைகளை எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கொப்பாவடி!" என்று நான் கத்தினேன். அவள் அசையவில்லை. "அப்பா கோச்சியிலைதான் வருவார். உவர் சைக்கிளிலை வந்தவர்" என்றாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அவர் நடுவில் வந்து நின்றார். "விடும். பிள்ளை சொல்லுறதிலை என்ன பிழை" என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கிணற்றடிக்குப் போனவர் நெடுநேரம் முகம் கழுவினார்.

லீவு முடிய அவர் திரும்பிப் போகவேண்டும். வேலையை விட்டால் எங்கள் மூவருக்கும் சோறில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கதை சொல்லிப் பார்த்தார், பட்டம் கட்டிக் கொடுத்தார். மாமா என்பதை அவள் விட்டுவிட்டாள், ஆனால் வேறொன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் வந்து நிற்பாள், அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை. கோச்சிப் பெட்டியின் வாசலில் நிற்கிற பொம்மைக்கு மொட்டை போட்டுவிடட்டுமா என்று மகளிடம் கேட்டேன். "வேண்டாம். அது அப்பா" என்றாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் காலையில் அவர் ஜன்னலோரம் இருந்த மேசைக்கு முன்னால் ஸ்ரூலைப் போட்டு இருந்தார். வந்த நாளிலிருந்து அந்த ஸ்டேசனை அவர் ஓரக்கண்ணால்தான் பார்த்திருந்தார். அன்றைக்குத்தான் குனிந்து, ஒவ்வொருவராகப் பார்த்தார். கிழவரின் பலாப்பழத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "இதிலை ஒரு பிழை இருக்கு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன பிழை? தூணெல்லாம் அளந்து வைச்சிருக்கிறன்."

"தூண் சரி. நீர் கை காட்டேல்லை" என்றார். "கோச்சி வெளிக்கிடேக்கை நீர் என்னைப் பாக்கவேயில்லை. பிள்ளையின்ரை சிவப்புச் செருப்பு ஒண்டு கழண்டு தண்டவாளத்துக்கை விழுந்திட்டுது. நீர் குனிஞ்சு அதைப் பாத்துக்கொண்டு நிண்டனீர். இவ்வளவு காலமும் எனக்கு ஞாபகம் இருந்தது உம்மடை முதுகும் பிள்ளையின்ரை வெறுங்காலும்தான்."

கோச்சியின் வால் மறையும்வரை கை காட்டியதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் அந்தச் செருப்பு என் கண்ணில் வந்தது. கருங்கல்லுக்கு மேலே, கவிழ்ந்து கிடந்தது.

கதவுச் சீலை அசைந்தது. "எந்தக் கால்?" என்று மகள் கேட்டாள்.

"இடது கால்" என்றார்.

அவள் தன் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். "பேந்து செருப்பை எடுத்ததோ?"

"எனக்குத் தெரியாது குஞ்சு. கோச்சி வெளிக்கிட்டிட்டுது. அம்மாவைக் கேள்."

எனக்கும் தெரியவில்லை என்றேன். மகள் யோசித்தாள். இப்படி ஒரு விஷயத்தை ஆரும் தனக்குச் சொல்லவில்லையே என்பதுபோல எங்கள் இருவரையும் பார்த்தாள். "அப்ப அதை உதுக்குள்ளை வைக்கவேணும்" என்றாள். அவளே ஓடிப்போய்ச் சிவப்பு வயர்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர் என்னுடைய கத்தரிக்கோலால் அதன் தோலை நறுக்கினார். முதலில் வெட்டியது பெரிதாகப் போய்விட்டது. "உது உங்கடை செருப்பு, என்ரையில்லை" என்று எறிந்தாள். அடுத்தது கடுகளவில் வந்தது. அவர் அதை ஊசி முனையில் குத்தி எடுத்து, தண்டவாளத்துக்கு நடுவில் வைக்கக் குனிந்தார். மகள் அவருடைய கைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு, சரியான இடத்தைத் தேடினாள்.

"அப்பா, தலையை எடுங்கோ. ஒண்டும் தெரியேல்லை."

சிடுசிடுவென்று, என்னைப் போலவே சொன்னாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் தலையை எடுத்த வேகத்தில் ஜன்னல் கதவில் படாரென்று இடித்துக்கொண்டார். ஊசி கையிலிருந்து விழுந்தது, செருப்பும் அதோடு எங்கேயோ போயிற்று. மூன்று பேரும் நிலத்தில் முழங்காலில் இருந்து தேடினோம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் கலங்கித் தெரிந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சீமெந்து நிலத்தை வெறும் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

மகள் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அழுதால் எப்பிடிக் கண் தெரியும்?" என்றாள். "அழாமல் தேடுங்கோ, அப்பா."