தோணிக்கு இரண்டாவது ஆள்

எனக்கு நெஞ்சு திடீரென்று ஓடத் தொடங்கும். வாவியில் வலையை இழுத்துக்கொண்டிருப்பேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி இல்லாமல் மார்பு அதிரும், கண் இருட்டும். அதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். தோணியின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கி, தலையை முக்கி, மூச்சை அடக்கிக்கொள்வேன். பெரும்பாலும் நின்றுவிடும். மேலே வரும்போது என்னைவிடக் கெட்டிக்காரன் மட்டக்களப்பிலேயே இல்லை என்று நினைப்பு.

ஒருநாள் கை வழுகிவிட்டது. பக்கத்துத் தோணிக்காரர் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார். கதை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் என் மனைவி தோணியில் ஏறி முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினேன், ஏசினேன். பிடித்துவைத்த பிள்ளையார் போல இருந்தாள். அன்றிலிருந்து நான் தனியே போனதில்லை. சோடி போட்டு ஊர்வலமா என்று மற்றவர்கள் கேலி பண்ணும்போது எனக்கு மானம் போகும். மறுபடி வாவிக்குத் தனியே போகவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் கொழும்புக்குப் போனேன். அங்கே டொக்டர், நெஞ்சுக்குள் மின்சாரம் ஓடுகிற வழியில் பிறப்பிலேயே ஒரு குறுக்குப்பாதை இருக்கிறது, அதைச் சுட்டு மூடிவிடலாம் என்றார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று யோசித்தேன். என் தண்ணீர் வைத்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். அது தங்கள் புத்தகத்திலும் உண்டு, ஆனால் முகத்தை வாளித் தண்ணீரில்தான் வைக்கச் சொல்கிறோம் என்று சிரித்தார்.

கடைசியில் சம்மதித்தேன். என்னை மயக்கவில்லை. தொடையில் விறைக்க ஊசி போட்டு, இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை நெஞ்சுவரை அனுப்பினார்கள். தமிழ் பேசும் நேர்ஸ் என் காதருகே குனிந்தார்.

“இப்ப நாங்களே ஓடவைக்கப்போறம் ஐயா, பயப்பிடாதீங்க.”

அடுத்த கணம் நெஞ்சு பறந்தது. இத்தனை வருடம் தன் இஷ்டத்துக்கு வந்துபோன சனியனை ஒரு மனிதர் வா என்று கூப்பிட, அதுவும் வந்து நின்றது! எனக்குத் தண்ணீருக்குள் குதிக்கவேண்டும் போலிருந்தது. பிறகு மார்புக்குள் ஒரு சூடு. ஓடிக்கொண்டிருந்த நெஞ்சு அப்படியே நடைக்கு வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வரவேயில்லை. நான் அழுதுவிட்டேன். எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடலாம் என்றால், அசையக்கூடாதாம்.

வீட்டில் சில நாள் பாரம் தூக்கத் தடை. ஊசி போட்ட தொடையில் இரத்தம் கட்டி, கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். இடைக்கிடை நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிடும். நான் உறைந்துபோய்க் காத்திருப்பேன். ஒன்றும் வராது. அந்த அமைதி பழக வெகுநாள் எடுத்தது.

டொக்டர் சம்மதித்த பிறகு வாவிக்குப் போனேன். அவள் கரையோடு நின்றுவிட்டாள். நடுவாவிவரை எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அங்கேதான் திடீரென்று உறைத்தது. அவள் வவுணதீவுப் பக்கம் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நீந்தத் தெரியாதவள். இத்தனை காலம் அவளைத்தான் காவலுக்கு வைத்துக்கொண்டு வெட்கப்பட்டிருக்கிறேன்.

பின்னேரம் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, நீ தோணியில் இருக்கும்போது நான் தண்ணீரில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

“கத்தியிருப்பன்,” என்றாள், நிமிராமலே. “ஆரும் வராட்டி நானும் குதிச்சிருப்பன்.”