கதவோரக் கொக்கிப் பலகை

லண்டனின் ஹரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் முன்கதவைத் திறந்தால் வலதுகைப் பக்கம் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் நான்கு கொக்கிகள். முதலாவது எனது, இரண்டாவது மனைவியினது, மற்ற இரண்டும் பிள்ளைகளினது. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டப் பித்தளை வில்லை. வெளியே போகிறவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்ததும் கொக்கியில் கொழுவ வேண்டும். மகன் தன்னுடையதைக் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டான். லண்டனின் மறுகோடியில், பார்க்கிங் என்ற ஊரில் குடியிருக்கும் மகள், இப்போதும் வந்ததும் வராததுமாக, “வந்திட்டன், கணக்கில சேருங்கோ” என்று சொல்லிக் கொழுவுவாள். கேலிதான். ஆனால் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இந்த வழக்கம் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. என் தகப்பனார் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். ஆங்கிலம் படித்த பெடியன்களுக்கு அங்கே ரெயில்வேயில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனார். கிடைத்தது சுரங்கத்தில், விளக்கறைக் கிளாக்கர் வேலை. இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்க வேண்டும். ஒவ்வொருவனும் தன் இலக்கம் பொறித்த வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்குவான், ஏறி வந்ததும் திரும்பக் கொழுவுவான். பலகை நிறைந்தால் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்வதுதான் அப்பாவின் உத்தியோகம்.

நான் அவருக்குக் கடைசிப் பிள்ளை. அந்த ஊரில்தான் பிறந்தேன். எங்கள் வரிசையில் எட்டுப் பலகை வீடுகள்: ஆறு யாழ்ப்பாணத்தார், ஒரு மலையாளி, ஒரு பஞ்சாபி. சீனரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் கீழ் வரிசைகளில் இருந்தார்கள். அம்மா, அப்பாவின் வெள்ளைக் காற்சட்டைகளை வீட்டுக்குள்ளேதான் காயப்போடுவார். வெளியே போட்டால் கரித்தூள் படிந்து பின்னேரத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். இடியப்பத் தட்டுகளை மாப் பிழிவதற்கு முன் ஒருமுறை, அவித்த பின் ஒருமுறை கழுவுவார். அந்த ஊரில் வெள்ளையாக இடியப்பம் வைப்பது அவருடைய வீம்பு. அக்கா இருமினால் அம்மா முதலில் அவளுடைய கைலேஞ்சியைத்தான் பார்ப்பார், கறுப்பா என்று. எங்கள் எல்லோருடைய கைலேஞ்சியும் கறுப்புத்தான். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் பிறப்பதற்கு முன் ஒரு விபத்து நடந்தது. மச்சான்மார் இருவர் ஒரே குழுவில் வேலை செய்தார்கள். ஷிப்ட் முடிந்து ஏறும்போது ஒருவர், சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன், என் வில்லையையும் சேர்த்துக் கொழுவிவிடு என்று மற்றவரிடம் கொடுத்தார். மேலே வந்தபின் வரிசையில் காத்து நிற்கத் தேவையில்லை என்ற எண்ணம். மச்சான் கொழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். பலகை நிறைந்தது. எல்லோரும் மேலே என்று அப்பா சொன்னார். கீழே சுரங்கக் கூரை இடிந்து இறங்கியது யாருக்கும் தெரியாது. வீட்டில் அந்த மனிதரின் பெண்சாதி சோற்றை மூடிவைத்துவிட்டு, கள்ளுக்கடைக்குப் போயிருப்பார் என்று இருந்தாள். தேடிப் போனபோது பிரயோசனம் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் அப்பா பட்டறையில் பித்தளைத் துண்டு வாங்கி வீட்டுக்கும் வில்லைகள் வெட்டுவித்தார். சட்டம் ஒன்றே ஒன்று: மற்றவருடைய வில்லையை யாரும் கொழுவக்கூடாது. வில்லைகள் எங்களோடு யாழ்ப்பாணம் வந்தன, பிறகு லண்டன் வந்தன. என் மனைவி அந்தக் கதையை மாமனாரின் வாயாலேயே கேட்டவள். அந்தப் பெண் மூடிவைத்த சோற்றைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது அவள்தான், நான் இல்லை.

போன மாரியில் அவளுக்கு மறதி கூடியது. காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் போனாள். இரண்டு தடவை இரவு உடுப்போடு தெருவுக்கு இறங்கினாள். இரண்டு தடவையும் பஸ் தரிப்பில் கண்டுபிடித்தோம். இரண்டு தடவையும் வில்லை கையில் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி, அங்கிருந்து பராமரிப்பு இல்லம். நான் கிழமைக்கு ஐந்து நாள் போனேன். அவளுடைய மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பேன். தாதிக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் மகள் தாயின் உடுப்புகளைத் தோய்க்கக் கொண்டுவந்தாள். நான் குசினியிலிருந்து வந்து பார்த்தபோது இரண்டாவது கொக்கியில் வில்லை தொங்கியது.

“அம்மான்ர கோட்டுக்குள்ள கிடந்ததப்பா. கொழுவிப்போட்டன்.”

“நீ ஏன் கொழுவினனி? அவ வந்தவவே?”

“இது வீடப்பா, சுரங்கமில்லை.”

“கழட்டு.”

“கழட்டுறன், கழட்டுறன். எண்பத்தாறு வயசிலயும் இந்தக் குணம் மட்டும் குறையேல்லை.”

அவளோடு எனக்கு வேறொரு தகராறும் இருந்தது. அடுத்த கிழமை, பராமரிப்பை ஒழுங்குசெய்யும் கவுன்சில்காரரோடு கூட்டம். மனைவி அங்கேயே நிரந்தரமாக இருப்பதா, உதவிக்கு ஆள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதா என்று முடிவெடுக்க வேண்டும். எனக்கு அவள் வீட்டுக்கு வர வேண்டும். மகளுக்கு அது பைத்தியக்காரத்தனம்.

“உங்களுக்கே படியேற ஏலாது. அம்மாவை ஆர் பிடிக்கிறது?”

“பதின்மூன்று படி. ஏறுறன்தானே.”

“மூச்சு வாங்கி நடுவில இருக்கிறியள். அதையும் எண்ணுங்கோவன்.”

கடைசியில் நான் ஒரு யோசனை சொன்னேன். “ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. தன்ர வில்லையை அவ தானாக் கொழுவினா, இது தன்ர வீடெண்டு தெரியுது. பிறகு நீ வாய் திறக்கக்கூடாது.”

“கொழுவாட்டி?”

“நான் வாய் திறக்கமாட்டன்.”

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “சரி” என்றாள். வில்லையைத் தாயின் கோட்டுப் பைக்குள் திரும்பப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மனைவி வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். பைக்குள் கையை விட்டாள். பலகையைப் பார்க்கவில்லை. கை தானாகப் போய் இரண்டாவது கொக்கியில் வில்லையை மாட்டியது. ஒரு சின்னச் சத்தம்.

“வெண்டிட்டியள்,” என்று மகள் மெதுவாகச் சொன்னாள்.

சந்தோஷம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்று கோப்பையில் தேநீர் ஊற்றினேன்.

மனைவி வரவேற்பறைக் கதிரையில் இருந்தபடி தேநீரைக் குடித்தாள். திறந்திருந்த கதவு வழியாகப் பலகை தெரிந்தது.

“ஐயா,” என்று என்னைக் கூப்பிட்டாள். “எங்கட இவர் வந்திட்டாரோ?”

இல்லத்தில் என்னை ஐயா என்பாள், சில நாள் டொக்டர் என்பாள். வீட்டுக்கு வந்தால் மாறும் என்று நினைத்திருந்தேன்.

“ஓம், வந்திட்டார்.”

“எங்கை?”

“அம்மா, இவர்தான் அப்பா,” என்றாள் மகள். “உங்களுக்கு முன்னால இருக்கிறார்.”

மனைவி என்னைப் பார்த்து, அறியாத மனிதரிடம் சிரிப்பதுபோலச் சிரித்தாள். “பகிடி விடாதை பிள்ளை. ஐயா குறை நினைக்கப்போறார்.”

பிறகு எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முதலாவது கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இவரின்ர வில்லை தொங்குது. ஆளைக் காணேல்லை.” குரல் உயர்ந்தது. “ஆரோ மாறிக் கொழுவிப்போட்டாங்கள்! நீங்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள், அந்த மனிசன் கீழ கிடக்கிறாரோ என்னவோ! போய்ப் பாக்கச் சொல்லுங்கோ!”

மகள் பிடிக்கப் போனாள். மனைவி அவள் கையைத் தட்டிவிட்டாள். சுவரைத் தட்டினாள். நான் கோப்பையோடு இருந்தேன். அவள் சொன்னதில் பிழை இல்லை என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது. வில்லை இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியானால் தேட வேண்டும். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

எழுந்து போய் என் வில்லையைக் கழற்றினேன். அவளிடம் காட்டினேன்.

“பிழை நடந்துபோச்சு அம்மா. இதைக் கொழுவினது பிழை. அவர் கீழ இல்லை, வெளியில நிக்கிறார்.”

“வெளியிலயோ?”

“ஓம். சுகமா நிக்கிறார்.”

வெறும் கொக்கியைப் பார்த்தாள். மூச்சு ஆறியது. “அப்ப சரி. வந்தா, சோறு மூடி வைச்சிருக்கெண்டு சொல்லிவிடுங்கோ.”

திரும்பி வந்து இரண்டு பிஸ்கற் சாப்பிட்டாள். போகும்போது தன் வில்லையை எடுத்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

கூட்டத்தில் மகளிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவள் வாய் திறக்கவில்லை, என்னைப் பார்த்தாள். “அங்கையே இருக்கட்டும்” என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அவள் இங்கே இருந்தால் நாள் முழுக்க என்னைத் தேடுவாள், நான் நாள் முழுக்க அவளுக்கு முன்னால் இருப்பேன்.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். வில்லையைக் கொழுவுகிறாள். வெறுமையான முதலாவது கொக்கியைப் பார்க்கிறாள். “இன்னும் வரேல்லைப்போல,” என்று சொல்லிவிட்டு என்னோடு இருந்து தேநீர் குடிக்கிறாள். ஐயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறாள். இரண்டு என்கிறேன். எங்களுக்கும் இரண்டுதான் என்கிறாள்.

“உங்கட வில்லையை மற்ற நாளில கொழுவுங்கோவன் அப்பா,” என்றாள் மகள். “ஆர் பாக்கப்போறது?”

ஒரு சனிக்கிழமை கழற்ற மறந்துபோனால் என்ன செய்வது? வில்லை என் சட்டைப்பையில் கிடக்கிறது. சட்டை தோய்க்கப் போகும்போது மற்றச் சட்டைக்கு மாற்றிக்கொள்கிறேன்.