பூங்காவில் விழுந்து கிடந்த சாதிக்காய்

மாத்தளைக் கடைத்தெருவில் ஜமால்தீன் முதலாளியைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அடுத்தவர் மரத்தடியில் விழுந்த சாதிக்காயைப் பொறுக்கி வியாபாரம் தொடங்கியவர். சுதந்திரம் கிடைத்த வருஷமே சொந்த லொறி வாங்கிவிட்டார். கண்ணைக் கட்டி ஒரு காயை மூக்கருகே நீட்டினால், எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லுவார். பொய்யில்லை, ஊரே பார்த்திருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்குப் பேராதனைப் பூங்காவில், மனைவி ஹவ்வாவின் பின்னால் மரக்கட்டைபோல் நடந்துகொண்டிருந்தார்.

சற்று முன்புதான் அங்கே ஒரு டாக்டர் வீட்டில் அவளைக் காட்டியிருந்தார். வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். ஹவ்வா முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே வந்ததும் ஜமால்தீன், வெறும் சூடுதானாம், கசாயம் குடித்தால் சரியாகிவிடுமாம் என்றார். வீட்டுப்படி தாண்டாதவளுக்குச் சிங்களம் எங்கே தெரியப்போகிறது? அவள் சரியென்றாள். அப்படியே பூங்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். எத்தனையோ தடவை லொறியில் அந்த வாசலைத் தாண்டியவர், ஒருநாளும் உள்ளே போனதில்லை. மறுபேச்சில்லாமல் டிக்கட் எடுத்தார்.

வெள்ளைக்காரன் காலத்துப் பனை வரிசை, மூங்கில், எதுவும் கண்ணில் ஏறவில்லை. இவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமலே விட்டுவிடலாமா என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றியது.

வாசனைச் சரக்கு மரங்கள் நிற்கும் பக்கம் வந்ததும் கை தானாகக் கீழே போனது. வெடித்த சாதிக்காய், வசவாசி என்கிற சிவப்புப் பத்திரி கொட்டையைச் சுற்றியபடி. முகர்ந்தார். மணக்கவில்லை. மறுபடி முகர்ந்தார். ஒன்றுமேயில்லை.

பூங்காவைக் காக்கும் வாச்சர் ஓடிவந்தான். மாத்தளையில் சிங்களவர்களும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். இவனோ, எந்த முஸ்லிமையும் கூப்பிடுவதுபோல் வெறும் 'நானா' என்று கூப்பிட்டு, களவெடுக்கிறாயா, ஆபீசுக்கு நட என்று கையைப் பிடித்தான். சந்தையையே வாயால் அடக்குகிறவர், காயைப் பிடித்தபடி அவன் இழுத்த பக்கம் நடந்தார்.

ஹவ்வாதான் குறுக்கே வந்தாள். கையை விடு தம்பி, டாக்டர் என்னைக் கைவிட்ட சேதியைக் கேட்டுவிட்டு வருகிறார், எதை எடுக்கிறோம் என்று அவருக்கே தெரியாது என்றாள். சுத்தமான சிங்களம். வாச்சர் கையை விட்டான். காயைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டான்.

வஹகோட்டையிலிருந்து சாதிக்காய் உடைக்க வரும் சிங்களப் பெண்களோடு அவள் வருஷக்கணக்காகப் பின்முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் இருக்கும் இடத்தை ஆண் எட்டிப்பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே ஜமால்தீன்தான். அவள் சிங்களம் அவர் காதில் விழ வழியே இருக்கவில்லை.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் வெளங்கிச்சா?" என்றார்.

"வெளங்கிச்சு. கேட்டதெல்லாம் குடுக்கச் சொன்னாரே. அதுதான் பூங்காவக் கேட்டேன். இனி கசாயம் கிசாயம்னு எனக்குக் கத சொல்லாதீங்க. அதையும் நான் கேட்டதுல ஒண்ணா வச்சுக்கோங்க."

தலையாட்டினார். தனக்கு அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. ஹவ்வா அவர் கையிலிருந்த காயை எடுத்து, அவர் மூக்கருகே நீட்டினாள்.

"எந்தத் தோட்டத்துக் காய், சொல்லுங்க பாப்பம்?"

"தெரியல்ல," என்றார் ஜமால்தீன்.