ஜெய்தூன் டீச்சர் மேசையில் வைத்த கத்தி

எங்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஓர் அப்பா இருந்தார். நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திண்டுக்கல் பக்கம் அகரம் என்ற ஊருக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் தேடினாலும் அப்படியொரு அப்பா கிடைக்கமாட்டார். என் அப்பா மல்லிகைத் தோட்டத்தில் விடியும் முன்னே குனிந்தாரென்றால் நிமிர மணி பத்தாகும். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜெய்தூன் பீவி டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார். நாளைக்கு ஒவ்வொருவரும் அப்பா வேலை செய்கிற சாமானில் ஒன்றைக் கொண்டு வரவேண்டும், அதை வைத்தே பாடம் படிக்கலாம் என்றார். இது நடந்தது 1959இல்.

டீச்சர் திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கும் துணிச்சல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இருந்தது, பதில்தான் வரவில்லை. பக்கத்தில் போனால் ஜவ்வாது மணக்கும். தலைமையாசிரியர் சுருளிவேல், அத்தா, அதாவது அப்பா, என்ன செய்கிறார் என்று விசாரித்ததற்கு டீச்சர் "வியாபாரம்" என்று சொல்லியிருந்தார். மத்தியானம் நாங்கள் வீட்டுக்கு ஓடியதும் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். தலைமையாசிரியர் வீட்டிலிருந்து ஒரு தம்ளர் மோர் வரும். டீச்சருக்கும் ஊருக்கும் இருந்த உறவெல்லாம் அந்த ஒரு தம்ளரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது பெண்களோடு பேசும் பேச்சும்தான்.

மறுநாள் மேசை நிறைந்துவிட்டது. மலைச்சாமி கலப்பைக் கொழுவைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தான். பொம்மையன் ஆட்டுக்குக் குழை இழுக்கும் துரட்டியோடு வந்தான். நான் பூக்கட்டும் வாழைநாரைக் கொண்டு போனேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, அந்தப் பெருமை எனக்கு.

கடைசியாக வந்தவள் முத்துப்பேச்சி. கீழத்தெருப் பிள்ளை, வாசற்படி ஓரமாகத்தான் உட்காருவாள். அவள் அப்பா செத்த மாடுகளின் தோலை உரித்து, உப்புத் தடவி, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல் ஷாப்புக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். அவர் கத்தியை ஒரு தோல் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். மேசையில் வைத்து அவிழ்த்தாள். வாடை கிளம்பியது. மலைச்சாமி மூக்கைப் பிடித்தான். பிறகு வகுப்பே பிடித்தது. எல்லோரையும்விட அழுத்திப் பிடித்தவள் நான்தான், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். பிரம்பின் நுனியால் கத்தியோடு அந்தத் தோல் துண்டைத் தரையில் தள்ளி, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். முத்துப்பேச்சி டீச்சரைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். டீச்சர் திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அதற்குப் பிறகு முத்துப்பேச்சி பள்ளிக்கூடம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் கீழத்தெருவுக்கு நடந்து போனார். அவள் அம்மா மூக்காயி வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். புள்ளை பட்ட அவமானம் போதும், திங்கள்கிழமை முதல் களையெடுக்க அனுப்பப் போவதாகச் சொன்னாள். உள்ளே இருந்த முத்துப்பேச்சி வெளியே வரவில்லை. களையெடுக்கப் போன பிள்ளை மறுபடி சிலேட்டைத் தொட்டதாக எங்கள் ஊரில் கதையே கிடையாது. அது டீச்சருக்கும் தெரியும். உள்ளே கேட்கும்படி, "திங்கக்கிழமை காலையில ஒரே ஒருக்க வந்து வாசல்ல நில்லு. புடிக்கலேன்னா போயிரு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

திங்கள்கிழமை டீச்சரிடம் ஜவ்வாது மணக்கவில்லை. பையிலிருந்து பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் பிரித்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, வளைந்த கத்தி. அதே வாடை. எங்கள் கைகள் பழக்கத்தில் மூக்குக்குப் போயின. முத்துப்பேச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து தலைமையாசிரியரும் எட்டிப் பார்த்தார்.

"இது எங்க அத்தாவோடது" என்றார் டீச்சர். "தோல் ஷாப்புல தோல் சுரண்டுற கூலி அவரு. முத்துப்பேச்சி அப்பா கொண்டாந்து போடுற தோலைச் சுரண்டித்தான் எனக்குச் சோறு போட்டாரு, டீச்சருக்குப் படிக்க வச்சாரு. மூக்கைப் பிடிக்கிறவங்க என்னையப் பார்த்துப் பிடிங்க."

ஒவ்வொரு கையாக இறங்கியது. முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் அப்பாவின் கத்தியும் மறுநாள் மேசைக்குத் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்க அந்தச் சாமான்களின் பெயர்களையும் அவற்றுக்குச் சொந்தமான அப்பாக்களின் பெயர்களையும்தான் எழுதிப் படித்தோம். என் அப்பாவின் பெயரைக் கரும்பலகையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆனால் திங்கள்கிழமை மத்தியானமே மோர் வரவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே வரவில்லை. தலைமையாசிரியர் சண்டை எதுவும் போடவில்லை; சண்டை போட்டிருந்தால்கூடப் பேச்சுத் துணையாக இருந்திருக்கும். வருகைப் பதிவேட்டை டீச்சர் மேசையில் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போவார். பஸ்ஸுக்காக நிற்கும்போது பக்கத்தில் நின்று பேசிய பெண்களும் தள்ளி நின்றார்கள். டீச்சர் வகுப்புக் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தன் சோற்றைத் தின்றார். நாங்கள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அவரே எங்களுக்கு டீச்சராக இருந்த இரண்டு வருஷமும் அப்படித்தான்.

முத்துப்பேச்சி ஐந்தாம் வகுப்புத் தேறினாள். கீழத்தெருவில் அவள்தான் முதல். சான்றிதழ் வாங்க நானும் அவளும் சேர்ந்து போனோம். இந்த இரண்டு வருஷத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர அவள் டீச்சரிடம் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டீச்சருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். "எம் மேல இன்னும் கோவமா?" என்று கேட்டார்.

முத்துப்பேச்சி சான்றிதழைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"கோவமெல்லாம் இல்ல டீச்சர். அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் தனியா நின்னுருக்க மாட்டேன்."

டீச்சர் அவள் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, சுருக்கத்தை நீவிக் கொடுத்தார்.

"நானுந்தான்" என்றார்.