துணிமூட்டையை வைத்து எடுத்த வெள்ளப் படம்

கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த நான் ஒரகடத்தில் அரிசி ஆலை கட்டினேன், செங்கல் சூளை போட்டேன், லாரி வாங்கினேன். ஏரி உடைந்த அன்று, ஒன்பது நாள் பிள்ளையோடு கூரைமேல் தவித்த ஒருத்தியை, நெல் அவிக்கும் அண்டாவில் உட்காரவைத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிவந்ததும் நான்தான். ஒல்லியான பெண். பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கையை எடுக்கவே மாட்டாள்.

பிறகு ஓர் அதிகாரியோடு ஜீப்பில் வந்த செய்திப் படக்காரன் அவளிடம், “இன்னொரு வாட்டி தண்ணில நில்லும்மா. ஆபீசர் கொழந்தைய வாங்குறா மாதிரி எடுக்கணும்,” என்றான்.

“ஒம் பொண்டாட்டிய நிக்க வைய்யா! எம்புள்ள இப்பத்தான் பொழச்சி வந்துகீது,” என்றாள்.

வேறொருத்தி கையில் துணிமூட்டையைக் கொடுத்து எடுத்தார்கள். குன்றத்தூர் சினிமாக் கொட்டகையில் அதைப் போட்டபோது அதிகாரிக்குக் கைதட்டல்! ஆலை லைசென்சுக்குப் பயந்து நான் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். அவளாயிருந்தால் கத்தியிருப்பாள். இனி நானும் விடமாட்டேன். அந்தப் படத்தை எவன் போட்டாலும், நிஜப் பிள்ளையைக் கரைசேர்த்தவன் நான் என்று சொல்லிவிட்டுப் போடட்டும்.